விர்ச்சுவா காப் 2: துப்பாக்கி இல்லாமலே சென்னை ஆடித் தீர்த்த துப்பாக்கி ஆட்டம்

பெரம்பூர் லோகோ (இழையைத் தொடங்கியவர்)

போலீஸாக நின்று ரவுடிகளைச் சுடும் வீடியோ ஆட்டம், ஜப்பானின் சேகா நிறுவனத்துடைய விர்ச்சுவா காப் 2. அதைப் பற்றித் தமிழில் யாராவது உருப்படியாக எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். "ஆகா, அந்தக் காலம்" என்ற பெருமூச்சுகள்தான் கிடைத்தன. பெருமூச்சு விட இந்த ஊரில் வேறு எத்தனையோ இருக்கின்றன. இந்த ஆட்டம் ஏன் நன்றாக இருக்கிறது என்று பேச ஓர் இழை வேண்டும். நானே தொடங்குகிறேன்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக: முதல் பாகம் 1994-இல் ஆர்கேடுகளுக்கு, அதாவது காசு போட்டு ஆடும் கூடங்களுக்கு, வந்தது. சேகாவில் யூ சுசுகியின் தலைமையில் இருந்த ஏஎம்2 பிரிவின் தயாரிப்பு. இரண்டாம் பாகம் 1995-இல் அதே மாடல் 2 என்ற ஆர்கேடு வன்பொருளில் வந்தது. 1996-இல் சேகாவின் வீட்டு ஆட்டப் பெட்டியான சாட்டர்னுக்கு, 1997-இல் கணினிப் பதிப்பு. நம்மில் பெரும்பாலோருக்குத் தெரிந்தது கடைசியாகச் சொன்னதுதான். யாரோ ஒருவர் ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த சிடி தெரு முழுக்கச் சுற்றும். உள்ளே பிபிஜே2டிடி என்ற விளங்காத பெயரில் ஒரு கோப்பு இருக்கும். அதன் பொருள் என்னவென்று கேட்காமலே இரண்டு தரம் சொடுக்கிய ஒரு தலைமுறை இருக்கிறது.

இனி விஷயம். ஒரு ரவுடி பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுகிறான். உடனே அவனைச் சுற்றி ஒரு வட்டம் விழுகிறது. பச்சையாக இருக்கும்வரை உங்களுக்கு அவகாசம் உண்டு. மஞ்சளானால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. சிவப்பானால் அடுத்த கணம் குண்டு உங்கள் மேல். எண் இல்லை, கடிகாரம் இல்லை, எழுத்து இல்லை. ஆனாலும் இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது ஆறு வயதுக் குழந்தைக்கும் புரிந்துவிடுகிறது.

மாடியில் ஒருவன், காருக்குப் பின்னால் ஒருவன், நேர் எதிரே ஒருவன் என்று மூன்று பேர் வரும்போதுதான் இதன் அருமை தெரியும். கைதேர்ந்தவர் அருகிலிருப்பவனைச் சுடுவதில்லை. முதலில் சிவக்கப்போகிறவனைச் சுடுகிறார். குறிபார்ப்பது இரண்டாவது வேலை. யாரை முதலில் என்று முடிவெடுப்பதே முதல் வேலை.

அதன் மேல் ஆசையையும் காட்டுகிறது. துப்பாக்கி பிடித்த கையைப் பார்த்துச் சுட்டால் அவன் சாவதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிடுகிறான். இதற்கு ஜஸ்டிஸ் ஷாட் என்று பெயர், புள்ளியும் அதிகம். ஆனால் கை சிறிய இலக்கு. பச்சையில் முயன்றால் கெட்டிக்காரத்தனம், சிவப்பில் முயன்றால் பேராசை.

இதெல்லாம் முதல் பாகத்திலேயே உண்டு என்பீர்கள். உண்மைதான். இரண்டாம் பாகம் அதைத் தூக்கி ஓடும் காரில் வைத்தது. நீங்களும் ஓடுகிறீர்கள், எதிரியும் ஓடுகிறான், நடுவில் வட்டம் நிறம் மாறுகிறது. போதாததற்குச் சில இடங்களில் இடமா வலமா என்று கேட்டு இரண்டு அம்புக்குறிகள் வருகின்றன. எந்த அம்பைச் சுடுகிறீர்களோ அந்த வழி. பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்கும் வேலையைக்கூடத் துப்பாக்கியால் செய்யவைத்தார்கள். நல்ல தொடர்ச்சி என்றால் இப்படி இருக்க வேண்டும். புதிதாக எதையும் கற்றுக்கொள்ளச் சொல்லாமல், கற்றதை இன்னும் சூடான இடத்தில் செய்யச் சொல்கிறது.

உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

கோடம்பாக்கம் மேம்பாலம்

சுரங்க ரயில் கட்டத்தை விட்டுவிட்டீர்களே. அந்த ஆட்டம் நம் கைக்கு வந்தபோது சென்னையில் புதிதாக வந்திருந்தது பறக்கும் ரயில்தான். 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடிற்று, 1997-இல் மயிலாப்பூருக்கு நீண்டது. தரைக்குக் கீழே ஓடும் ரயிலை நாங்கள் முதலில் பார்த்தது ரவுடிகளைச் சுட்டுக்கொண்டுதான். நம் ஊருக்கு நிஜச் சுரங்க ரயில் 2017-இல்தான் வந்தது. திருமங்கலம் நிலையத்தில் படியிறங்கும்போது தூணுக்குப் பின்னால் யாராவது எழுகிறார்களா என்று கண் தானாகப் போயிற்று.

சேத்துப்பட்டு நாகு

லோகோ சொல்வதில் பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மவுஸில் ஆடியதை வைத்துக்கொண்டு ஒரு துப்பாக்கி ஆட்டத்தைப் புகழ்வது எனக்குச் சரியாகப் படவில்லை. மவுஸில் ஆடும்போது திரையில் ஒரு குறி தெரிகிறது. அதை நகர்த்தி எதிரி மேல் வைத்து அழுத்துகிறோம். அலுவலகத்தில் கோப்பை இழுத்துப் போடுவதும் அதுவும் ஒன்றே. ஆர்கேடின் ஆட்டத் துப்பாக்கியில் திரையில் எதுவும் தெரியாது. கை நீள வேண்டும், கண் குழாயின் நுனியைப் பார்க்க வேண்டும், தோள் வலிக்க வேண்டும். ஆறு குண்டு தீர்ந்ததும் திரைக்கு வெளியே சுட்டு நிரப்ப வேண்டும். அந்த உதறலும் திரும்பலும்தான் ஆட்டம். கணினிப் பதிப்பில் வலது பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

இன்னொன்றும் சொல்கிறேன். ஒளித்துப்பாக்கி ஆட்டங்களில் உண்மையான பாய்ச்சல் நாம்கோ நிறுவனத்தின் டைம் கிரைசிஸ்தான். 1995-இலேயே காலுக்கு ஒரு மிதியைக் கொடுத்தார்கள். மிதித்தால் வெளியே வந்து சுடலாம், காலை எடுத்தால் மறைந்துகொள்ளலாம். அதன் இரண்டாம் பாகத்தில் இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒருவர் மறையும்போது மற்றவர் காப்பாகச் சுடும்படி செய்தார்கள். தொடர்ச்சிக்கு இலக்கணம் அது. விர்ச்சுவா காப் 2-இல் மறைவதற்கே இடமில்லை.

பெரம்பூர் லோகோ

நாகு சார், மிதி பெரிய கண்டுபிடிப்பு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது என்ன செய்தது என்று பாருங்கள். மறைந்துகொள்ள வசதி கொடுத்ததும், யாரும் மறைந்தே இருந்துவிடக் கூடாதே என்று தலைக்கு மேல் ஒரு கடிகாரத்தை மாட்ட வேண்டியதாயிற்று. அங்கே நேரம் ஆடுபவரின் கழுத்தில் தொங்குகிறது. விர்ச்சுவா காப்பில் ஒவ்வோர் எதிரியும் தன் நேரத்தைத் தன் மேலேயே எழுதிக்கொண்டு வருகிறான். ஐந்து பேர் வந்தால் ஐந்து கடிகாரம். எனக்கு இரண்டாவதுதான் நுட்பமாகத் தெரிகிறது.

மவுஸ் விஷயத்தில் நான் நேர் எதிர்க் கட்சி. நல்ல துப்பாக்கி, பெரிய திரை, அதிரும் சத்தம் எல்லாம் சேர்ந்தால் சுமாரான ஆட்டமும் பிரமாதமாகத் தோன்றும். அவற்றைப் பிடுங்கிவிட்டு, பந்து வைத்த பழைய மவுஸையும் பதினான்கு அங்குலத் திரையையும் கொடுத்த பிறகும் ஓர் ஆட்டம் இரவு பதினொரு மணி வரை ஆளை உட்காரவைத்தால், அதன் எலும்பு உறுதி என்று பொருள். நம் ஊர்ப் பிள்ளைகள் விருப்பமில்லாமலே அந்தச் சோதனையை நடத்திவிட்டார்கள். விர்ச்சுவா காப் 2 தேறிவிட்டது. அந்தக் கால ஆர்கேடுகளை நிரப்பிய எத்தனையோ துப்பாக்கி ஆட்டங்கள் இந்தச் சோதனையில் ஒரு மணி நேரம்கூட நின்றிருக்காது.

வடபழனி வாசகி

இந்த இழைக்காகவே உள்நுழைந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரே கணினி, நாங்கள் அண்ணன் தங்கை இருவர். மவுஸ் அண்ணனிடம் இருக்கும். என் வேலை பக்கத்தில் உட்கார்ந்து "இடது மேலே, இடது மேலே, சிவப்பு" என்று கத்துவது. லோகோ சொல்லும் "யாரை முதலில்" என்ற முடிவை எடுத்தது நான், சுட்டது அவர், பெயர்ப் பட்டியலில் ஏறியது அவர் பெயர் மட்டும். இந்த அநியாயத்தை முப்பது வருடம் கழித்தாவது ஒரு பொதுவெளியில் பதிவு செய்கிறேன்.

ரேஜ், ஸ்மார்ட்டி என்ற இரண்டு ஆண் போலீஸ்காரர்களோடு இரண்டாம் பாகத்தில் ஜேனட் என்ற பெண் அதிகாரியும் சேர்ந்தார். பெண் பாத்திரம் என்றால் கடத்தப்பட்டு அழுவதற்கு மட்டும் என்றிருந்த காலத்தில் அது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் தொடர்ச்சி என்ற தலைப்பில் பேசினால் என் வாக்கு தி ஹவுஸ் ஆஃப் தி டெட் 2-க்குத்தான். 1998, அதுவும் சேகாதான். லோகோ அம்புக்குறிகளைப் பாராட்டுகிறார். எனக்கு அந்த அம்புகள் ஊர்ப் பெயர்ப்பலகை மாதிரி, ஆட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. ஹவுஸ் ஆஃப் தி டெட் 2-இல் யாரும் உங்களை எந்த வழி என்று கேட்பதில்லை. பிணப்பேய் ஒன்று ஒரு மனிதரைத் துரத்துகிறது. அவரைக் காப்பாற்றினால் கதை ஒரு பக்கம் திரும்பும். கை தவறினால் வேறு பக்கம். கால்வாய்களும் பாலங்களும் நிறைந்த அந்த ஊரில் நீங்கள் எந்தச் சந்தில் போகிறீர்கள் என்பதை உங்கள் குறியே தீர்மானிக்கிறது. தோற்றாலும் ஒரு புதிய தெருவைப் பார்க்கலாம். இதைவிட அழகான ஏற்பாடு ஒன்று சொல்லுங்கள்.

வசன உச்சரிப்பைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிப்பவர்கள் இதைவிட உணர்ச்சியோடு பேசுவார்கள். அதுவே இப்போது அதன் அழகாகிவிட்டது என்பது வேறு கதை.

கோடம்பாக்கம் மேம்பாலம்

ஹவுஸ் ஆஃப் தி டெட் 2 என்றதும் அதன் தட்டச்சு அவதாரம் நினைவுக்கு வருகிறது. 1999-இல் அதே ஆட்டத்தில் துப்பாக்கிகளைப் பிடுங்கிவிட்டு விசைப்பலகையைக் கொடுத்தார்கள். பேய் மேல் ஒரு சொல் தெரியும், அதைத் தட்டினால் பேய் விழும். கதாநாயகர்கள் கழுத்தில் விசைப்பலகையை மாட்டிக்கொண்டு, முதுகில் சேகாவின் ட்ரீம்காஸ்ட் ஆட்டப் பெட்டியைச் சுமந்துகொண்டு, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் தெருவில் நடப்பார்கள். தட்டச்சுப் பயிலகங்கள் இதை வாங்கிப் போட்டிருந்தால் லோயர், ஹையர் இரண்டிலும் மாநிலமே முதல் வகுப்பில் தேறியிருக்கும்.

சேத்துப்பட்டு நாகு

வாசகி அவர்களுக்கு: காப்பாற்றினால் ஒரு வழி, தவறினால் வேறு வழி என்பது நல்ல கருத்து. அங்கே நானும் உங்கள் கட்சி. ஆனால் அது மூன்று வருடம் பின்னால் வந்த ஆட்டம், நவோமி என்ற புதிய வன்பொருளில் ஓடியது. 1995-இல் இருந்ததை வைத்துத்தான் 1995-இன் ஆட்டத்தை எடைபோட வேண்டும்.

லோகோவின் "எலும்பு" வாதத்துக்கு என் பதில் இதுதான். எலும்பு மட்டும் போதுமென்றால் மனிதர்கள் கண்காட்சிக்குப் போக மாட்டார்கள். மெரினாவில் பலூன் சுடும் கடைகளை நினைத்துப் பாருங்கள். பலகையில் வரிசையாகப் பலூன், கையில் ஒரு காற்றுத் துப்பாக்கி. விதிமுறை என்று எதுவுமே இல்லை. ஆனாலும் துப்பாக்கியைத் தோளில் வைத்து மூச்சைப் பிடிக்கும் அந்தக் கணத்துக்குத்தான் காசு கொடுக்கிறோம். குழாயின் குறி கோணலாக இருந்தால் முதல் இரண்டு சூட்டில் அதைக் கண்டுபிடித்து, மூன்றாவதில் ஒரு விரல்கடை தள்ளிச் சுடுகிறோமே, அந்தக் கைப்பழக்கம் மவுஸில் வராது.

திருப்புளி

வணக்கம். இத்தனை நாள் இந்தக் களத்தில் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வணிக வளாகங்களில் இருக்கும் விளையாட்டு இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் வேலை என்னுடையது. எந்த வளாகம் என்பது வேண்டாம்.

துப்பாக்கி ஆட்டங்களின் எதிரி பேயும் இல்லை, ரவுடியும் இல்லை. ஒயர். துப்பாக்கியின் கைப்பிடிக்கு அடியில் ஒயர் வெளியே வரும் இடம் இருக்கிறதே, அங்கே தினமும் நூறு பேர் இழுப்பார்கள், முறுக்குவார்கள். மேலே ரப்பர் உறை நன்றாகத்தான் தெரியும். உள்ளே செப்பு நூல் ஒவ்வொன்றாக அறுந்து, கடைசியில் இரண்டு மூன்று நூலில் உயிர் நிற்கும். துப்பாக்கியை ஒரு கோணத்தில் பிடித்தால் சுடும், சற்றுத் திருப்பினால் சுடாது. ஆடுபவர் தன் குறி மோசம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார். அடுத்தது விசைக்குப் பின்னால் இருக்கும் மைக்ரோ சுவிட்ச். அழுத்தினால் "டிக்" என்று தெளிவாகக் கேட்க வேண்டும். மழுங்கிய சத்தம் வந்தால் மாற்றிவிட வேண்டும். மூன்றாவது குழாயின் உள்ளே இருக்கும் லென்ஸ். பாப்கார்ன் எண்ணெய்க் கையோடு துப்பாக்கியைப் பிடித்து, குழாய்க்குள் விரலை விட்டுப் பார்க்கும் பிள்ளைகள் இருக்கும்வரை எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

நாகு சார் சொன்ன "குறி கோணல்" இதிலும் உண்டு, ஆனால் காரணம் வேறு. துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, ஒளியைப் பார்க்கிறது. பழைய குழாய்த் திரையில் படம் முழுவதும் ஒரே நேரத்தில் இருப்பதில்லை. ஓர் எலக்ட்ரான் கதிர் இடமிருந்து வலமாக ஒரு கோடு, அதன் கீழே இன்னொரு கோடு என்று வரைந்துகொண்டே போகிறது. நம் ஊர்த் தொலைக்காட்சியின் பால் (PAL) முறையில் ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி, நொடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் வெளுக்கிறது. கதிர் துப்பாக்கி பார்த்துக்கொண்டிருக்கும் புள்ளியைக் கடக்கும் அந்த நொடித்துளியில் துப்பாக்கிக் குழாய்க்குள் இருக்கும் ஒளியுணரி "இதோ" என்கிறது. கதிர் புறப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்று ஆட்டப் பெட்டி கணக்குப் போட்டால் எந்தக் கோடு, எந்தப் புள்ளி என்று கிடைத்துவிடும். கணக்கு அவ்வளவுதான், ஆனால் அதன் துல்லியத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

டிவியின் படக்குழாய்க்கு வயதாகி வெளிச்சம் மங்கினால் முதலில் ஓரங்களில்தான் தெரியும். நடுவில் எல்லாம் படும், இடது மூலையில் ஒன்றும் படாது. அப்போது ஆட்கள் துப்பாக்கியைத்தான் திட்டுவார்கள்.

மூன்றாம் தலைமுறை

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 19. என் அப்பா இந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருடைய பழைய சிடியை என் மடிக்கணினியில் போட்டேன். எல்லாரும் பேய் வேகத்தில் ஓடுகிறார்கள், வட்டம் பச்சையாவது சிவப்பாவது, எனக்கு ஒன்றும் தெரிவதற்குள் செத்துவிடுகிறேன். அப்பா பக்கத்தில் நின்று சிரிக்கிறார்.

துப்பாக்கியோடு ஆட வேண்டும் என்றால் இப்போது என்ன செய்ய வேண்டும்? பழைய துப்பாக்கி ஒன்றை வாங்கி எங்கள் வீட்டு எல்இடி டிவியில் மாட்டலாமா?

திருப்புளி

மாட்டலாம் தம்பி, வேலை செய்யாது. எல்சிடி, எல்இடி, ஓஎல்இடி எதிலும் அந்த ஓடும் கதிர் இல்லை. படத்தை வாங்கி வைத்து, சற்றுத் தாமதமாகக் காட்டுகின்றன. துப்பாக்கி எதிர்பார்க்கும் கணத்தில் எதிர்பார்க்கும் வெளிச்சம் வராது.

பெரம்பூர் லோகோ

தம்பி, வேகப் பிரச்சினை உன் கையில் இல்லை. 1997-இன் கணினிக்காக எழுதிய ஆட்டம் இப்போதைய இயந்திரத்தில் கட்டுப்பாடில்லாமல் ஓடுகிறது. திரையின் புதுப்பிப்பு வேகத்தை 60-க்குக் குறைத்துப் பார், அல்லது நொடிக்கு இத்தனை படங்கள்தான் என்று பூட்டும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்து. அப்பா சிரிப்பதை நிறுத்திவிடுவார். 2002-இல் பிளேஸ்டேஷன் 2-க்கு முதல் இரண்டு பாகங்களையும் சேர்த்து எலீட் எடிஷன் என்று ஒரு தொகுப்பு வந்தது. பழைய பொருள் சந்தையில் கண்ணில் பட்டால் விடாதே.

புதிய டிவிக்குப் புதிய வகைத் துப்பாக்கிகள் இருக்கின்றன. சிண்டன் என்பதில் உள்ளே ஒரு கேமரா. படத்தைச் சுற்றி வெள்ளைக் கரை போட்டு, அந்தச் சட்டம் எந்தக் கோணத்தில் தெரிகிறது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடுகிறது. கன்4ஐஆர் என்பதில் திரையைச் சுற்றி நான்கு அகச்சிவப்பு விளக்குகள். இரண்டையும் வெளிநாட்டிலிருந்துதான் தருவிக்க வேண்டும், சுங்கத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்.

களப் பொறுப்பாளர்

ஆட்டக் கோப்புகளுக்கான இணைப்புகளை இங்கே பகிர வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். உரையாடல் தொடரட்டும்.

திருப்புளி

லோகோ சார் செலவான வழியைச் சொல்லிவிட்டார். நான் மலிவான வழியைச் சொல்கிறேன்.

2006-இலிருந்து தமிழக அரசு வீட்டுக்கு வீடு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது நினைவிருக்கிறதா? பதினான்கு அங்குலக் குழாய்ப் பெட்டி. அவற்றில் பல இப்போது காயலான் கடைகளில் தூங்குகின்றன. உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் ஒளித்துப்பாக்கிக்காகக் குழாய் டிவி தேடி அலைகிறார்கள். நம் மாநிலத்தில் அரசாங்கமே ரேஷன் அட்டைக்கு ஒன்று என்று கொடுத்திருக்கிறது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பின்பக்கம் மஞ்சள், வெள்ளை ஏவி துளைகள் இருக்க வேண்டும். கடைக்காரரைப் போட்டுக் காட்டச் சொல்லி, திரை முழுவதும் வெளுப்பாக ஒரு படத்தைக் கொண்டுவந்து, நான்கு மூலையும் ஒரே அளவு வெளிச்சமாக இருக்கிறதா என்று பார். பழைய பெரிய டிவிகளில் "100 ஹெர்ட்ஸ்" என்று எழுதியிருந்தால் வேண்டாம். அது படத்தை இரட்டிப்பு வேகத்தில் வரைவதால் துப்பாக்கியின் கணக்கு கலைந்துவிடும். எந்தக் காரணத்துக்காகவும் பின்மூடியைத் திறக்காதே. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் குழாய் ஆளைத் தூக்கி அடிக்கும் அளவுக்கு மின்னழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சாட்டர்ன் கிடைத்தால் சேகாவின் விர்ச்சுவா கன் நேரே பெட்டியில் செருகிக்கொள்ளும். பிளேஸ்டேஷனின் கன்கான் வகைத் துப்பாக்கிக்கு மஞ்சள் ஒயரிலிருந்தும் ஒரு கிளை எடுக்க வேண்டும், ஏனென்றால் படச் சமிக்ஞையை அந்தத் துப்பாக்கியே படிக்கிறது. ஜப்பான் பெட்டி என்றால் 100 வோல்ட். நம் 230-இல் நேரே செருகினால் புகை பார்க்கலாம். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம்.

வடபழனி வாசகி

ஒரு கேள்வி. இது இழைக்கு வெளியே போனால் மன்னிக்கவும். என் மகனுக்கு ஒன்பது வயது. துப்பாக்கி ஆட்டம் என்றாலே வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். நீங்களெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்களா?

சேத்துப்பட்டு நாகு

நான் காட்டினேன். ஹவுஸ் ஆஃப் தி டெட் வேண்டாம், அது இரவில் படுக்கைக்கு வந்துவிடும். விர்ச்சுவா காப்பில் ரத்தம் தெறிப்பதில்லை. குறுக்கே ஓடி வரும் பொதுமக்களைச் சுட்டால் ஓர் உயிர் போய்விடும். என் பெண் முதல் நாள் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த ஒருவரைச் சுட்டுவிட்டு அரைமணி நேரம் வருத்தப்பட்டாள். அதன் பிறகு எழுகிறவன் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் அழுத்துகிறாள். இதில் மட்டும் லோகோவின் வட்டம் சற்று ஏமாற்று வேலை என்பேன். வட்டம் விழுந்தாலே எதிரிதான் என்று தெரிந்துவிடுவதால், பழகியவர்கள் ஆளையே பார்ப்பதில்லை, வட்டத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

பெரம்பூர் லோகோ

இது நியாயமான குறை. நிறம் தெரியாத கண்களுக்கு இன்னும் கஷ்டம். என் நண்பர் ஒருவருக்குச் சிவப்பும் பச்சையும் பிரியாது, அவர் வட்டம் சுருங்குவதை வைத்தே ஆடுவார். ஆனால் வட்டத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். திடீரென்று எழுகிறான், சுடுகிறான், செத்தோம். எழும் இடங்களை மனப்பாடம் செய்தவர்தான் ஜெயிப்பார். வட்டம் இருப்பதால் முதல் தடவை ஆடுபவருக்கும் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

இன்னொரு தகவலையும் இங்கே வைக்கிறேன். நிண்டெண்டோ 64-இல் 1997-இல் வந்த கோல்டன் ஐ 007 முதலில் விர்ச்சுவா காப் போலத் தண்டவாளத்தில் ஓடும் ஆட்டமாகவே, அதாவது போகும் வழியை ஆட்டமே நடத்திச் செல்லும் வகையாகவே, திட்டமிடப்பட்டது. அதன் இயக்குநர் மார்ட்டின் ஹாலிஸ் அதைப் பல முறை சொல்லியிருக்கிறார். எதிரியின் காலில் சுட்டால் நொண்டுவான், கையில் சுட்டால் கையைப் பிடிப்பான் என்ற நுணுக்கம் அங்கே போன வழி இதுதான். இன்று கைப்பேசியில் பிள்ளைகள் ஆடும் ஆட்டங்களில் உடம்பின் எந்த இடத்தில் பட்டது என்று பார்த்து மதிப்புப் போடுகிறார்களே, அந்தக் குடும்ப மரத்தில் நம் ஆள் ஒரு நல்ல கிளை.

மூன்றாம் தலைமுறை

திருப்புளி அண்ணா, டிவி கிடைத்துவிட்டது. புதுப்பேட்டையில் ஒரு கடையில் ஐந்தாறு பெட்டிகள் அடுக்கியிருந்தார்கள், முன்பக்கத்தில் அரசு முத்திரை இருந்தது. நான்கு மூலையையும் பார்த்து வாங்கினேன். அப்பாவின் நண்பர் சாட்டர்னையும் துப்பாக்கியையும் கொஞ்ச நாளுக்குக் கொடுத்திருக்கிறார். படம் வருகிறது, ஆனால் கறுப்பு வெள்ளையில். வட்டத்தின் நிறமே தெரியவில்லை. துப்பாக்கி மட்டும் சரியாகப் படுகிறது. அப்பா இப்போது இரண்டு மடங்கு சிரிக்கிறார்.

திருப்புளி

நல்ல செய்திதான். அந்தச் சாட்டர்ன் ஜப்பான், அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையில் நிறத்தை அனுப்புகிறது, உன் டிவி பால் முறையை மட்டும் எதிர்பார்க்கிறது. டிவியின் பட்டியலில் வண்ண முறை என்று ஓர் இடம் இருக்கும். தானியங்கு அல்லது என்டிஎஸ்சி என்று மாற்று. பல பெட்டிகளில் ரிமோட்டில்தான் அது இருக்கும், முன்பக்கப் பொத்தான்களில் வராது. ரிமோட் இல்லையென்றால் ரிச்சி தெருவில் எல்லாப் பெட்டிக்கும் பொருந்தும் ரிமோட் கிடைக்கும். வெளிச்ச அளவையும் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றி வை.

மூன்றாம் தலைமுறை

நிறம் வந்துவிட்டது! மிக்க நன்றி அண்ணா. கார்த் துரத்தலில் இடது அம்பைச் சுட்டு அப்பா மூன்று நிமிடத்தில் செத்துவிட்டார். துப்பாக்கி கனமாக இருக்கிறதாம், மவுஸ்தான் சரியாம்.

சேத்துப்பட்டு நாகு

அப்பாவிடம் சொல், முழங்கையை மேசையில் ஊன்றக் கூடாது.

வடபழனி வாசகி

எல்லாரும் சேர்ந்து என் ஆசையைக் கிளப்பிவிட்டீர்கள். திருப்புளி அவர்களே, சாட்டர்ன் துப்பாக்கி இரண்டு கிடைக்குமா? அண்ணன் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறார். இந்தத் தடவை நான் பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதாக இல்லை.

திருப்புளி

ஒன்று என்னிடமே இருக்கிறது அம்மா, ஒயர் மாற்றி வைத்திருக்கிறேன். இன்னொன்றுக்கு இரண்டு இடத்தில் சொல்லி வைக்கிறேன். தனிச்செய்தியில் எழுதுங்கள். நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை அல்லவா?

வடபழனி வாசகி

பரவாயில்லை. நல்லதாக இருப்பது எனக்கு, மற்றது அண்ணனுக்கு.